வெயிலில் நிற்கும் வண்டி

நேயர்களே, நண்பகல் வேளையில் நம் ஊர்த் தெரு ஏதேனும் ஒன்றில் சற்று நின்று பாருங்கள். இரு மருங்கிலும் மோட்டார் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. வண்டிக்கு உரியவர் அலுவலகத்தில் மின்விசிறியின் கீழ் அமர்ந்திருப்பார். எஞ்சின் குளிர்ந்து ஓய்ந்திருக்கும். சக்கரங்களுக்கும் அப்போது வேலை இல்லை. ஆயினும் அவ்வண்டியில் ஓர் உறுப்பு மட்டும் அந்த நேரத்திலும் ஓயாது உழைத்துக்கொண்டிருக்கிறது. அதன் மேனியில் பூசப்பெற்றிருக்கும் வர்ணமே அது. ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரமே பெரும்பாலான வண்டிகளுக்கு மிகுதி. ஆகவே வண்டியின் வாழ்நாளில் மிகுந்த நேரம் பாடுபடுவது வர்ணந்தான் என்று சொன்னால் அது மிகையாகாது.

அந்த வர்ணத்தின் வரலாற்றையும், வெயிலிலும் மழையிலும் நிற்கும் வண்டியைக் காக்க மனிதர்கள் காலந்தோறும் செய்த முயற்சிகளையும் இன்று உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன். இப்பொருளில் எனக்கு நாட்டம் பிறந்தது நூல்களால் அன்று. நான் இளமையில் செய்த ஒரு பிழையே அதற்குக் காரணம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

1974-ஆம் ஆண்டு. திருச்சி உறையூரில் எங்கள் வீடு. என் தந்தையார் பழைய அம்பாஸடர் வண்டி ஒன்றை வாங்கி வைத்திருந்தார். வண்டிக்கெனக் கொட்டகை கிடையாது. வீட்டுச் சுவரை ஒட்டி வேப்பமரத்தடியில் அது நிற்கும். அவ்வாண்டு ஐப்பசியில் அவர் என் தாயாருடன் காசி யாத்திரை புறப்பட்டார். ரயில் ஏறும்போது, "வண்டியைப் பார்த்துக்கொள்ளப்பா" என்று ஒரு சொல் சொன்னார். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான் அதை வேதவாக்காகக் கொண்டேன். மழை வரும் என்று அஞ்சி, கனமான தார்ப்பாய் ஒன்றை வாங்கி வந்தேன். வண்டியின்மேல் படிந்திருந்த புழுதியைக் கழுவவும் இல்லை, துடைக்கவும் இல்லை. அப்படியே போர்த்திக் கயிற்றால் இறுக வரிந்து கட்டினேன். பின்னர் மூன்று வாரம் மழை பெய்தது. நடுநடுவே வெயிலும் காய்ந்தது. காற்றடித்த நாட்களில் தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும் ஓசை இரவெல்லாம் கேட்கும். வண்டி பத்திரமாக இருக்கிறது என்ற நிம்மதியோடு நான் உறங்கினேன்.

தந்தையார் திரும்பி வந்த அன்று இருவருமாகக் கயிற்றை அவிழ்த்தோம். வண்டியின் கூரை முழுதும் வெண்மை பூத்திருந்தது. முன்மூடியில் அம்மை போட்டாற்போலக் கொப்புளங்கள். கயிறும் தார்ப்பாயும் உராய்ந்த ஓரங்களில் வர்ணம் தேய்ந்து அடிப்பூச்சு தெரிந்தது. தந்தையார் கூரையின்மேல் ஒரு விரலை வைத்து மெல்ல இழுத்துப் பார்த்தார். என்னை ஒன்றும் கடிந்துகொள்ளவில்லை. "மேஸ்திரியை வரச் சொல்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். அவர் கடிந்துகொண்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வர்ணம் பூசும் மேஸ்திரி வந்தார். முதியவர். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, மழைக்குப் பயந்து மூடினீங்க. உள்ளே இருந்த ஈரம் எந்த வழியாப் போகும்?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. உடனே வேலையைத் தொடங்கும்படி கேட்டதற்கு அவர் இசையவில்லை. "தை பிறக்கட்டும். இந்த ஈரக் காத்துல அடிச்சா வெள்ளை பூத்துப் போயிடும்" என்றார். ஆகவே தை மாதம் வரையில் தந்தையார் பேருந்தில் அலுவலகம் சென்று வந்தார். தையில் மேஸ்திரி பத்து நாள் உழைத்து, பட்டி வைத்து, நீர்விட்டுத் தேய்த்து, டூக்கோ அடித்து முடித்தார். மூக்கை மறைத்துக் கட்டிய ஈரத்துண்டு ஒன்றே அவருக்குக் காப்பு. அந்தப் பத்து நாளும் இடையிடையே அவர் இருமிய இருமல் இன்றும் என் செவியில் இருக்கிறது.

அந்த இரு கேள்விகளே என்னைப் பல்லாண்டு துரத்தின. மூடிக் காத்த வண்டி ஏன் கெட்டது? 'டூக்கோ' என்று நம் ஊர்ப் பட்டறைகளில் வழங்கும் அச்சொல் எங்கிருந்து வந்தது? விடையைத் தேடிச் சென்றபோது ஒரு நீண்ட வரலாறே என் முன் விரிந்தது.

பூச்சுக் கலையின் தொடக்கத்தில் நம் நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. ஆங்கிலத்தில் 'லாக்கர்' என்று வழங்கும் சொல், நம் 'லாக்ஷா' என்ற வடசொல்லிலிருந்து போர்த்துக்கீசியர் வாயிலாக ஐரோப்பாவுக்குச் சென்றது என்பர் மொழியறிஞர். லாக்ஷா என்பது அரக்கு. மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் அப்பிசினை உருக்கியும் கரைத்தும் மரப்பொருள்களின்மேல் பூசினர் நம் முன்னோர். பளபளப்பான அப்பூச்சு எளிதில் தீப்பற்றும் என்பதை அறிய நாம் பாரதத்தின் அரக்கு மாளிகையை நினைத்தாலே போதும். சீனத்திலும் ஜப்பானிலும் வேறொரு மரத்தின் பாலைக் கொண்டு இதனினும் உறுதியான பூச்சைக் கண்டனர். அதைப் பார்த்து வியந்த ஐரோப்பியர் 17-ஆம் நூற்றாண்டிலிருந்து அதைப் போலச் செய்ய முயன்றனர். அம்முயற்சியில் பிறந்ததே நிலக்கீலையும் ஆளிவிதை எண்ணெயையும் கலந்து சூட்டில் உலர்த்தும் 'ஜப்பான் கறுப்பு'. அதனை மறந்துவிடாதீர்கள். பின்னர் அது மீண்டும் வரும்.

மோட்டார் வண்டிக்கு முன் தெருவை ஆண்டது குதிரை வண்டி. 19-ஆம் நூற்றாண்டில் பிரபுக்களின் சாரட்டு வண்டிகளுக்கு வர்ணம் பூசுவது பெருந்தொழிலாக விளங்கியது. மரத்தின்மேல் ஈயவெள்ளை கலந்த அடிப்பூச்சுகள், அவற்றின்மேல் குழிகளை நிரப்பும் பூச்சுகள், நுரைக்கல்லும் நீரும் கொண்டு தேய்த்தல், அதன்பின் நிறப் பூச்சுகள், இறுதியில் வார்னிஷ் பூச்சுகள் என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் பல படலங்கள் ஏறும். ஒவ்வொன்றும் உலர்ந்த பிறகே அடுத்தது. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்ஸிஜனை மெல்ல மெல்ல ஏற்றுத்தான் இறுகும். அதற்கு அவசரம் தெரியாது. இப்படி ஒரு வண்டி பல வாரங்கள் வர்ணக்காரரின் கூடத்திலேயே இருக்கும். ஈயவெள்ளையைக் கையாண்ட அத்தொழிலாளர் பலர் ஈய நஞ்சினால் வயிற்று வலியும் கை நடுக்கமும் உற்றனர் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பளபளப்புக்கு யாரோ ஒருவர் விலை கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறார்.

அவ்வளவு பாடுபட்டுப் பூசிய வண்டியை எப்படிப் பேணுவது என்று சாரட்டு செய்வோர் தம் வாடிக்கையாளருக்கு அறிவுரை சொல்லி அனுப்பினர். அவ்வறிவுரைகளைப் படித்தபோது நான் வியப்புற்றேன். வண்டியைக் குதிரை லாயத்தின் அருகே நிறுத்தாதே, சாணத்திலிருந்து எழும் அம்மோனியா ஆவி வார்னிஷைக் கெடுக்கும். சேறு உலரும்வரை விட்டுவைக்காதே. வெயிலில் வைத்துக் கழுவாதே. தண்ணீரை நிறைய ஊற்றிச் சேற்றை நனைத்து இளக்கிய பிறகே துடை. காற்றோட்டமும் மிதமான வெளிச்சமும் உள்ள உலர்ந்த கூடத்தில் நிறுத்து. இவையே அவர்தம் உபதேசத்தின் சாரம். காற்றோட்டமும் உலர்ச்சியும் வேண்டும் என்று ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே சொல்லி வைத்திருக்கிறார்கள். உறையூரில் நான் செய்ததோ இதற்கு நேர்மாறு.

சென்னையிலும் இக்கலை வாழ்ந்தது. 1840-இல் தொடங்கப்பெற்ற சிம்ப்ஸன் கம்பெனி குதிரை வண்டிகள் செய்வதில் பெயர் பெற்றது. அங்கே பணியாற்றிய சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903-இல் நீராவியால் ஓடும் வண்டி ஒன்றை அமைத்தார். சாரட்டுக்குக் கூண்டு கட்டிய கைகளே மோட்டாருக்கும் கூண்டு கட்டின. உலகெங்கும் அப்படித்தான் நிகழ்ந்தது. குதிரை போயிற்று, வர்ணமும் வார்னிஷும் மாறவில்லை.

ஆனால் வண்டியின் வாழ்க்கை மாறிவிட்டது. சாரட்டு கூடத்தில் நின்றது. அதற்கு வண்டிக்காரனும் பணியாளரும் இருந்தனர். மோட்டார் வண்டியோ கடைத்தெருவிலும் அலுவலக வாசலிலும் நின்றது. எண்ணெயும் வார்னிஷும் கலந்த பூச்சு வெயிலில் மேலும் மேலும் இறுகி வெடித்தது, நிறம் மங்கியது. வசதியுள்ளோர் ஆண்டுக்கு ஒரு முறையோ இரண்டாண்டுக்கு ஒரு முறையோ மறுபடி வார்னிஷ் பூசிக்கொண்டனர்.

அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு 1908-இல் 'மாடல் டி' வண்டியை வெளியிட்டபோது அது சிவப்பு, பச்சை, சாம்பல் முதலிய நிறங்களில் கிடைத்தது. 1914 முதல் 1925 வரையில் கறுப்பு ஒன்றே கிடைத்தது. இதை அவருடைய பிடிவாதம் என்று பலர் வேடிக்கையாகச் சொல்வர். பிடிவாதத்தைவிடக் கணக்கே இதில் பெரிது. கறுப்புப் பூச்சுகள் மலிவானவை, உறுதியானவை, விரைவில் உலர்பவை. இரும்பு உறுப்புகளுக்கு ஜப்பான் கறுப்பைப் பூசிச் சூளையில் வைத்துச் சுட்டு எடுக்க முடிந்தது. மேலும் கறுப்புப் பொருள் சூரியனின் புற ஊதாக் கதிர்களைத் தானே உறிஞ்சிக்கொண்டு, அடியிலுள்ள பிசினைக் காக்கிறது. வெளியில் நிற்கும் வண்டிக்குக் கறுப்பு நிறமே அன்று நல்ல குடையாக இருந்தது.

ஏனைய நிறங்களை விரும்பிய நிறுவனங்களுக்குப் பெருந்தொல்லை. நாளொன்றுக்கு 1,000 வண்டி செய்யும் தொழிற்சாலையில் ஒரு வண்டி 20 நாள் உலர வேண்டுமாயின், எந்நேரமும் 20,000 வண்டிகளுக்குத் தூசியில்லாத கூரை வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சித் தலைவராக இருந்த சார்லஸ் கெட்டரிங் இதைக் கண்டு பொறுமை இழந்தார். வர்ண நிபுணர்களைக் கூட்டி இந்தக் காலத்தை எவ்வளவு குறைக்கலாம் என்று அவர் வினவியதாகவும், அவர்கள் ஓரிரு நாள் குறைக்கலாம் என்றதாகவும், "ஒரு மணி நேரம் போதாதா?" என்று அவர் திருப்பிக் கேட்டதாகவும் ஒரு கதை வழங்குகிறது.

விடை வந்தது வெடிமருந்திலிருந்து. பருத்தியை நைட்ரிக் அமிலத்திலும் கந்தக அமிலத்திலும் இட்டு எடுத்தால் நைட்ரோசெல்லுலோஸ் என்னும் பொருள் கிடைக்கும். முதல் உலகப் போரில் துப்பாக்கி மருந்தாகப் பயன்பட்டது அதுவே. 1918-இல் போர் முடிந்தபின் அதைச் செய்துவந்த தொழிற்சாலைகள் வேறு வழி தேடின. அதைக் கரைத்துப் பூசினால் நிமிடங்களில் உலரும் என்பது முன்பே தெரியும். ஆனால் கரைசல் தேன்போல் கெட்டியாகிவிடும். நீர்க்கச் செய்தால் பூச்சு மிக மெல்லியதாகிவிடும். 1920-இல் நியூஜெர்சி மாநிலத்துப் பார்லின் நகரில் டூபான்ட் நிறுவனத்தார் திரைப்படச் சுருளுக்கான ஆய்வில் ஈடுபட்டிருந்தபோது, தற்செயலாக இந்தத் தடை நீங்கியது. நிறைந்த வர்ணத்தைத் தாங்கியும் எளிதில் ஓடக்கூடிய கரைசல் அவர்களுக்குக் கிட்டியது. கெட்டரிங்கின் ஆய்வுக்கூடமும் டூபான்ட் நிறுவனமும் கூடி அதை மோட்டாருக்கு ஏற்றதாக்கின. அதற்கு இட்ட பெயர் 'டூக்கோ'. 1924-ஆம் ஆண்டுக்குரிய ஓக்லண்ட் வண்டி அழகிய நீல நிறத்தில் அப்பூச்சோடு வெளிவந்தது.

நேயர்களே, உறையூர் மேஸ்திரி சொன்ன சொல்லின் பிறப்பிடம் இதுதான். ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பெயர் கடல் கடந்து வந்து, நம் பட்டறையில் ஒரு தொழிலின் பெயராகவே நிலைத்துவிட்டது. தை பிறக்கட்டும் என்று அவர் சொன்னதன் காரணமும் இதிலேயே அடங்கியிருக்கிறது. இப்பூச்சிலுள்ள கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது பரப்பைக் குளிரச் செய்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அது பனியாகப் படிந்து பூச்சுக்குள் சிக்கி வெண்மையாகத் தோன்றும். மேஸ்திரி ரசாயனம் படித்தவர் அல்லர். ஆனால் ஐப்பசிக் காற்றை அவர் படித்திருந்தார்.

டூக்கோவின் வருகையால் வாரங்கள் நாட்களாயின, பின்னர் மணிகளாயின. தூரிகை பிடித்த பழைய கைவினைஞர்களுக்கு மாறாகத் தெளிப்பான் பிடித்தோர் வந்தனர். பற்பல நிறங்களும் வந்தன. ஆனால் காலம் செல்லச் செல்லக் குறையும் தெரிந்தது. நைட்ரோசெல்லுலோஸ் வெயிலைப் பொறுக்காது. புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு அதன் மேற்பரப்பு சிதைந்து சுண்ணாம்புத் தூள் போலாகும். துணியால் துடைத்தால் நிறம் துணிக்கு வந்துவிடும். வளைந்து கொடுப்பதற்காக அதில் ஆமணக்கெண்ணெய் முதலியவற்றைச் சேர்த்தனர். அப்போதும் அடிக்கடி தேய்த்து மெருகிட்டாலன்றிப் பளபளப்பு நிலைக்கவில்லை.

இந்தத் தேவையே மெழுகு வாணிகத்தை வளர்த்தது. மோட்டார் மெழுகுகளுள் தலைசிறந்தது கார்னௌபா மெழுகு. பிரேஸில் நாட்டின் வடகிழக்குப் பகுதியில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து அது கிடைக்கிறது. நீண்ட வறட்சியைத் தாங்கவேண்டி, உள்ளிருக்கும் நீர் வெளியேறாதபடி அம்மரம் தன் ஓலைமீது மெழுகைச் சுரந்துகொள்கிறது. ஓலையை வெட்டி உலர்த்தி அடித்தால் அம்மெழுகு பொடியாக உதிரும். 80 பாகை சென்டிகிரேடுக்கு மேல் சென்றால்தான் அது உருகும். ஆதலால் வெயிலில் காயும் வண்டிக்கூரையிலும் அது நிலைத்திருக்கிறது. வெயிலுக்கு அஞ்சி ஒரு பனைமரம் தனக்காகச் செய்துகொண்ட போர்வையை மனிதன் தன் வண்டிக்கு வாங்கிப் போர்த்துகிறான்.

சிகாகோ நகரில் தோன்றிய 'சைமனைஸ்' என்ற மெழுகு அமெரிக்காவில் பெரும்புகழ் பெற்றது. வண்டிக்கு மெருகிடுதல் என்ற பொருளில் அப்பெயர் ஆங்கில அகராதியிலேயே வினைச்சொல்லாக ஏறிவிட்டது. அதே நகரில் 1940களில் பென் ஹிர்ஷ் என்பவர் தம் வீட்டில் மெருகு நெய்மம் ஒன்றைக் காய்ச்சி விற்கலானார். தெருவில் நிறுத்தியிருக்கும் வண்டிகளின் ஒரு பக்கத்து மட்கார்டுக்கு மட்டும் மெருகிட்டுவிட்டு, உரிமையாளர் வரும்வரை அவர் காத்திருப்பார் என்று சொல்வதுண்டு. வந்தவர் ஒரு பக்கம் பளபளப்பதையும் மறுபக்கம் மங்கியிருப்பதையும் கண்டு மெழுகை வாங்காமல் போக மாட்டார். அம்மெழுகே பின்னர் ஆமையின் பெயரால் உலகெங்கும் விற்பனையாயிற்று.

வேதியியலார் சும்மா இருக்கவில்லை. 1930களில் 'ஆல்கிட்' என்னும் செயற்கைப் பிசினால் ஆகிய எனாமல் பூச்சு பரவியது. சூளையில் சுட்டதும் அதன் மூலக்கூறுகள் வலைபோல் பின்னிக்கொண்டு உறுதி பெறும். 1950களின் பிற்பகுதியில் அக்ரிலிக் பிசின் வந்தது. வெயிலைத் தாங்குவதில் அது முன்னையவற்றை வென்றது. 1960களில் வண்டியின் கூண்டு முழுவதையும் தொட்டியில் அமிழ்த்தி, மின்சாரத்தின் துணையால் அடிப்பூச்சை ஏற்றும் முறை பரவலாயிற்று. தூரிகையும் தெளிப்பானும் எட்டாத இடுக்குகளிலும் பூச்சு புகுந்தது. துருவுக்கு எதிராகக் கிடைத்த பெருவெற்றி இது. 1970களின் பிற்பகுதியிலிருந்து நிறப்பூச்சின்மேல் கண்ணாடி போன்ற தெளிபூச்சு ஒன்றைப் போடும் வழக்கம் ஐரோப்பாவிலும் பின்னர் அமெரிக்காவிலும் பரவியது. அதனுள் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் பொருள்களையும், சிதைவைத் தடுக்கும் பொருள்களையும் கலந்தனர்.

இன்றைய வண்டியில் அடிப்பூச்சு முதல் தெளிபூச்சு வரை எல்லாப் படலங்களும் சேர்ந்து ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான் கனமே இருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிர் ஒன்றிரண்டை அடுக்கி வைத்த கனம் என்று கொள்ளலாம். அதில் வெயிலை நேரே எதிர்ப்பது மேலிருக்கும் 40, 50 மைக்ரான் தெளிபூச்சு மட்டுமே. இந்தச் சிறு படலத்தை நம்பித்தான் நாம் வண்டியைத் திறந்த வெளியில் விட்டுச் செல்கிறோம்.

அந்த நம்பிக்கை பொய்த்ததும் உண்டு. 1980களின் பிற்பகுதியில் சில அமெரிக்க நிறுவனங்கள் செலவைக் குறைக்க எண்ணி, மின் அடிப்பூச்சுக்கும் நிறப்பூச்சுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைப்பூச்சை விட்டுவிட்டன. மேற்பூச்சை ஊடுருவிச் சென்ற புற ஊதாக் கதிர், வெயில் தாங்காத அடிப்பூச்சின் மேற்பரப்பைத் தூளாக்கியது. சில ஆண்டுகளில் வண்டிகளின் வர்ணம் தாள் தாளாக உரிந்தது. மேற்பூச்சு கெடவில்லை, அது பற்றியிருந்த பிடிதான் கெட்டது.

ஃபுளோரிடா மாநிலத்து ஜாக்சன்வில் துறைமுக நகரில் வேறொரு பாடம் கிடைத்தது. கப்பலில் வந்திறங்கும் புது வண்டிகள் அங்கே திறந்த வெளியில் வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கும். விற்கும் முன்னரே அவற்றின் கூரையிலும் முன்மூடியிலும் நீர்த்துளி வடிவில் வடுக்கள் தோன்றின. காற்றிலிருந்த அமிலம் பனியிலும் மழையிலும் கலந்து துளியாக நின்றது. காலை வெயிலில் நீர் ஆவியாக ஆக, எஞ்சிய துளியில் அமிலம் செறிந்தது. சூடேறிய பூச்சை அது அரித்துவிட்டது. அதன்பின் அந்நகரமே உலகின் வர்ண நிறுவனங்களுக்குச் சோதனைக் களமாயிற்று. கோடைக்காலத்தில் 14 வாரம் வர்ணத் தகடுகளை அங்கே வெயிலில் வைத்துப் பார்ப்பது ஒரு மரபாகிவிட்டது.

இவ்வளவையும் அறிந்த பின்னரே என் பிழையின் காரணங்கள் எனக்கு விளங்கின. தார்ப்பாய்க்கு அடியில் சிக்கிய ஈரம் பகல் வெயிலில் ஆவியாகி, வெளியேற வழியின்றி வர்ணப் படலத்துக்குள் புகுந்தது. சூட்டினால் இளகிய படலத்தைக் கீழிருந்து உந்திக் கொப்புளமாக்கியது. துடைக்காது விட்ட புழுதி, காற்றில் ஆடிய தார்ப்பாயின் கீழ் அரத்தூள்போல் அராவியது. மழை நேராக வண்டியின்மேல் பெய்திருந்தால் வழிந்தோடிக் காய்ந்திருக்கும். கெடுதி வானத்திலிருந்து வரவில்லை.

வண்டியை வெளியில் நிறுத்துவோருக்கு வரலாறு சொல்லும் வழி எளியது. நிழல் நல்லது, ஆனால் எல்லா மரநிழலும் நல்லதன்று. மரத்தில் ஒட்டி வாழும் சிறு பூச்சிகள் தேன் போன்ற பிசுபிசுப்பை வடிக்கும். அது வெயிலில் சுண்டினால் பூச்சைக் கவ்விக்கொள்ளும். காக்கையின் எச்சமும் அத்தகையதே. வெயிலில் பூச்சு விரிந்து இளகும். மாலையில் குளிர்ந்து சுருங்கும்போது காய்ந்த எச்சத்தின் கரடுமுரடான வடிவத்தை ஏற்று இறுகிவிடும். ஆகவே எச்சம் பட்ட அன்றே நனைத்து ஊறவைத்து எடுத்துவிட வேண்டும், சுரண்டலாகாது. புழுதியை உலர்ந்த துணியால் துடைப்பதைவிடத் துடைக்காமலே விடுவது மேல். தண்ணீரால் தளர்த்திய பிறகே துணி படலாம். வண்டி சூடாக இருக்கையில் கழுவலாகாது. கடற்கரை ஊர்களில் உப்புப் படிவை வாரந்தோறும் நல்ல நீரால் நீக்குவது நலம். சில மாதங்களுக்கு ஒரு முறை மெழுகிட்டால், கீறலும் எச்சமும் முதலில் மெழுகையே தாக்கும். உறை போடுவதானால் கழுவி உலர்த்திய வண்டிக்கே போட வேண்டும். ஆவி வெளியேற இடந்தரும் துணியாக அது இருக்க வேண்டும். தளர்ந்து காற்றில் அடித்துக்கொள்ளாதபடியும் அமைய வேண்டும். சாரட்டு செய்தவர்கள் சொன்னதற்கு மேல் நாம் புதிதாகக் கற்றது சிறிதே.

உத்தரபாராவில் அம்பாஸடர் உற்பத்தி 2014-இல் நின்றுபோயிற்று. எங்கள் வண்டியை அதற்கு நெடுங்காலம் முன்பே தந்தையார் விற்றுவிட்டார். வாங்க வந்தவர் வர்ணத்தைப் பாராட்டியபோது அவர் மேஸ்திரியின் பெயரைச் சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை. மேஸ்திரி அப்போது தொழிலை விட்டிருந்தார். மார்பு நோய் அவரை உட்கார வைத்துவிட்டது. இன்று நல்ல தொழிற்சாலைகளில் வர்ணத்தை இயந்திரக் கரங்கள் தெளிக்கின்றன. கரைப்பானுக்கு மாறாக நீரில் கலந்த வர்ணங்களும் வந்துவிட்டன. ஆனால் சிறு பட்டறைகளில் மூக்கில் துண்டு கட்டிய மனிதரை இன்னும் காண்கிறோம். ஒரு வண்டியின் வர்ணத்தைப் பேணிக் காத்தால், அவர் ஒரு முறை குறைவாக அந்தப் புகையைச் சுவாசிப்பார் என்றும் நான் எண்ணுவதுண்டு.

இப்போது என் வண்டியும் திறந்த வெளியில்தான் நிற்கிறது. மழை விட்ட மறுநாள் காலையில் உறையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, வண்டியைக் காற்றாட விடுகிறேன். மழைக்காலத்தில் இவர் ஏன் உறையைக் கழற்றுகிறார் என்று அண்டை வீட்டார் வியப்போடு பார்க்கின்றனர். உறையூரில் வேப்பமரத்தடியில் செய்யத் தவறியதை நான் இப்போது செய்துகொண்டிருக்கிறேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.